மதியம் முழுக்க லிஃப்ட் ஓடவில்லை

ஆராதனை முடிந்ததும் போதகர் ஒரே ஓர் அறிவிப்புதான் சொன்னார். வேன் அண்ணனை ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சபையார் எல்லோரும் தவறாமல் போய்ப் பார்த்து ஜெபிக்க வேண்டும்.

தவறாமல் என்பதை அழுத்திச் சொன்னார். சொல்லியிருக்கவே வேண்டாம். கல்யாணமோ காய்ச்சலோ, அந்தச் சபை யாரையும் தனியாக விட்டதில்லை. அதிலும் வேன் அண்ணன். வார நாட்களில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் அவருடைய வேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்க முடியாதவர்களை வீட்டு வாசலிலிருந்து ஏற்றிக்கொண்டு ஆலயத்துக்கு வரும். டீசலுக்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது நீட்டினால், "உங்க எடைக்கு டீசலே செலவாகாதும்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்.

கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இன்ஜினியரிங் படித்துவிட்டு லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் பார்க்கிறவன். சபையில் அவனை லிஃப்ட் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பெல்லாம் இரண்டாவது வரிசையில் மனைவியோடு உட்காருவான். அவள் போனபிறகு தூணுக்குப் பின்னால் வந்துவிட்டான். அங்கே இருந்தால் யாரும் அவனைத் திரும்பிப் பார்த்து உச்சுக் கொட்ட முடியாது.

போகக் கூடாது என்றுதான் நினைத்தான். நோயாளி வீட்டு வாசனை இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை. ஆனால் அவள் படுத்திருந்த காலத்தில் ஒவ்வொரு முறையும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் வேன் அண்ணன்தான். சாலையில் எங்கெங்கே பள்ளம் என்று மனப்பாடம் செய்துகொண்டு, அந்த இடம் வந்தால் வண்டியை எறும்பு மாதிரி ஊர்ந்துபோக விடுவார். அந்த ஒன்றுக்காகப் போனான்.

வீடு ஐந்தாம் மாடி. அந்தக் கட்டடத்தின் லிஃப்டுக்கு அவன் கம்பெனிதான் சர்வீஸ். கதவு மூடும்போது ஒரு முனகல் முனகியது. தடத்தில் தூசி அடைத்திருக்கிறது என்று கை தானாக நினைத்தது. மனசு எதையும் நினைக்கவில்லை.

வாசலில் செருப்பு மலை. அவனுக்கு முன்பே சபையில் பாதி வந்துவிட்டிருந்தது. கட்டிலைக் கூடத்துக்கு நகர்த்திப் போட்டிருந்தார்கள். சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றுக்குப் பின்னால் நிற்பவர்கள், நிற்பவர்களின் தோள்வழியே எட்டிப் பார்ப்பவர்கள். யாரோ ஒரு பாட்டைத் தொடங்க, மற்றவர்கள் அவரவர் சுருதியில் சேர்ந்துகொண்டார்கள். ஒரு பாட்டு முடிந்தால் ஒரு ஜெபம். ஜெபம் முடிந்தால், "இன்னொரு பாட்டு பாடுவோமா?" நடுவில் வேன் அண்ணன். ஆள் பாதியாகியிருந்தார். கண்ணை மூடியிருந்தார். தாடை மட்டும் இறுகியிருந்தது.

அக்காவைக் காணவில்லை. வேன் அண்ணனின் மனைவி. அவனுக்கு அவர் எங்கே இருப்பார் என்று தெரியும். நேராகச் சமையலறைக்குப் போனான்.

அடுப்பு முன்னால் நின்றிருந்தார். ஒரு கையில் வடிகட்டி. மேடை முழுக்க கழுவாத கப்புகள்.

"வாங்க தம்பி. டீ தரட்டுமா?"

"வேணாம் அக்கா."

"காலையிலேர்ந்து வேணாம்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "சர்க்கரை தீர்ந்துபோச்சு. பக்கத்து வீட்டுல வாங்கினேன். அதுவும் தீரப் போகுது."

அவன் பேசாமல் நின்றதாலோ என்னவோ, அவர் பேசினார்.

"காலையில நர்ஸ் வந்தாங்க. இனிமே பெரிய மருந்துதானாம். அதை ஏத்திட்டா வலி தெரியாது, ஆனா தூங்கிக்கிட்டே இருப்பார், பேச்சு இருக்காதுன்னாங்க. இவர் இப்ப வேணாம், சாயங்காலம் போடுங்கன்னுட்டார்."

"ஏன்?"

"என்கிட்டப் பேசணுமாம்." பாலைக் கிளறினார். "நானும் இதோ வரேன், இதோ வரேன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். ஒரு கூட்டம் போனா இன்னொரு கூட்டம் வருது. பாவம், நம்மளை நினைச்சு வர்றவங்களை எப்படி வெறும் வாயோட அனுப்பறது?"

கூடத்திலிருந்து ஒரு குரல், "அக்கா, இங்க ரெண்டு டீ குறையுது!"

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அவன் கட்டிலருகே போனான். வேன் அண்ணன் கண்ணைத் திறந்து பார்த்தார். கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமில்லை. ஆனால் விடவில்லை. அவன் குனிந்தான்.

"டேய் லிஃப்ட். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன்டா. இவங்க போற மாதிரி தெரியலையே."

"நீங்களே சொல்லலாமேண்ணே."

"எப்படிடா? பாசத்துல வந்திருக்காங்க." மூச்சு வாங்கியது. "இத்தனை வருஷமா ஏறுங்க ஏறுங்கன்னே சொல்லிட்டேன். இறங்குங்கன்னு சொல்ல வாய் வரல."

அவனுக்கு இது தெரியும். கேள்விப்பட்டுத் தெரிந்ததில்லை. அடுப்பு முன்னால் நின்று தெரிந்துகொண்டது. அவள் படுத்திருந்தபோதும் இப்படித்தான் வந்தார்கள். இதே முகங்கள், இதே பாட்டுகள். அவன் பொறுப்பான வீட்டுக்காரனாக நாற்காலி போட்டான், செருப்புகளை ஒதுக்கினான், டீ போட்டான். தலைகளுக்கு நடுவே அவள் கண் அவனைத் தேடும். இதோ வரேன் என்று கையைக் காட்டுவான். கடைசி நாள் அவள் கையை உயர்த்தினாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து, தண்ணீர் கொடுக்கச் சொல்லிக் கையால் காட்டினான். பால் பொங்கும் நேரம். பொங்கவிடாமல் அணைத்துவிட்டுத் திரும்பியபோது உள்ளே பாட்டு நின்றிருந்தது. பாட்டு நடுவில் நின்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது அவனுக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. யார்மேலும் கோபம் இல்லை. கோபம் வந்தாலாவது தேவலை. எதுவுமே வரவில்லை. ஜெபம் வரவில்லை, அழுகை வரவில்லை. சம்பளத்துக்கு வேலை மட்டும் வந்தது.

அவன் நிமிர்ந்தான். பாட்டில் ஒரு சரணம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி.

"ஒரு விஷயம்," என்றான். பல மாதங்களாக உரக்கப் பேசாத தொண்டை. கரகரத்தது. "லிஃப்டை நிறுத்தப் போறேன். சர்வீஸ். இறங்கறவங்க இப்பவே இறங்கிடுங்க. அப்புறம் படிதான்."

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எவ்வளவு நேரமாகும் தம்பி?" என்றார் மூப்பர். சபையின் பெரியவர். இரண்டு முழங்காலிலும் வலி உள்ளவர்.

"சாயங்காலம் ஆயிடும்."

ஐந்து மாடி. எல்லோரும் மனதுக்குள் ஒரு தடவை இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். மூப்பர் எழுந்து நின்று முடிவு ஜெபம் செய்தார். அவர் இவ்வளவு சுருக்கமாக ஜெபித்து அந்தச் சபை கேட்டதே இல்லை. ஆமென் சொல்லும்போதே பாதிப் பேர் செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி நிறுத்தத்தில் பஸ் காலியாவதுபோல் கூடம் காலியானது.

எல்லோருக்கும் பின்னால் வந்த அவன் சமையலறை வாசலில் நின்றான்.

"அடுப்பை அணைங்க அக்கா. உள்ளே போங்க. கதவைச் சாத்திக்கோங்க."

"யாராவது வந்தா?"

"வர மாட்டாங்க."

"இவ்வளவு கப் கிடக்கே..."

"கிடக்கட்டும்."

அக்கா அவனைப் பார்த்தார். என்னவோ புரிந்தது. துண்டில் கையைத் துடைத்தார். ஈரம் போனபிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அடுப்பை அணைத்தார்.

கீழே இறங்கியதும் கட்டடத்தின் செயலாளருக்கு போன் போட்டான். அவர் மதியத் தூக்கத்தில் இருந்தார். "ஞாயித்துக்கிழமை சர்வீஸா? போன வாரம் பத்து தடவை கூப்பிட்டும் வராத கம்பெனியா பேசுது?" என்றார். "இப்ப வந்திருக்கேன் சார்," என்றான். "பண்ணு பண்ணு, புண்ணியமாப் போகும்," என்று சொல்லிவிட்டுத் தூக்கத்துக்குத் திரும்பினார்.

பைக் பெட்டியில் கருவிகள் இருந்தன. லிஃப்டைத் தரைத்தளத்தில் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, முன்னால் பலகையை மாட்டினான்: பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. மாட்டிய பிறகு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் வேலையை நிஜமாகவே தொடங்கினான். தரையில் மண்டியிட்டு, கதவு ஓடும் தடத்திலிருந்து தூசியைச் சுரண்டினான். அவசரம் என்றால் உடனே ஓடவைத்துவிடலாம். அதுவரை இது வேலைதான்.

முதலில் அகப்பட்டவர் மூன்றாம் மாடி டீச்சர். சபையைச் சேர்ந்தவர் அல்ல. இரண்டு கையிலும் பைகளோடு வந்தவர், பலகையைப் பார்த்துவிட்டுப் பைகளைத் தொப்பென்று வைத்தார்.

"நான் அரிசி வாங்கற நாளாப் பார்த்துத்தான் உங்களுக்கு சர்வீஸ் வருமா?"

"பையைக் கொடுங்க மேடம்."

அவன் தூக்கிக்கொண்டு ஏறினான். அவர் பின்னாலேயே திட்டிக்கொண்டு ஏறினார். லிஃப்ட் கம்பெனி, கட்டடச் செயலாளர், அரிசி விலை, எல்லாம் வரிசையாக வந்தன. வீட்டு வாசலில் பையை வாங்கிக்கொண்டு, தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "திட்டினது நான். தொண்டை காயறது உனக்கு. குடி," என்றார். குடித்தான். அங்கிருந்து மேலே காது கொடுத்தான். ஐந்தாம் மாடி அமைதியாக இருந்தது.

திரும்பி வந்தபோது மூப்பர் இன்னும் போகாமல் வரவேற்பிடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலைப் பார்த்தபடி.

"தம்பி, இங்க பாரு." வலது காலில் கறுப்புச் செருப்பு. இடது காலில் பழுப்பு. "அவசரத்துல யாரோடதையோ மாட்டிக்கிட்டேன். என் ஒத்தைச் செருப்பு மேலே இருக்கு."

"அப்புறமா எடுத்துட்டு வரேன் ஐயா."

"இப்ப லிஃப்டைப் போட்டா நானே போய் எடுத்துக்குவேன்."

"வேலை நடக்குது ஐயா."

"ஓய்வு நாள்ல வேலை செய்யக் கூடாது, தெரியுமா உனக்கு?"

"தெரியும் ஐயா."

"தெரிஞ்சுமா?"

அவன் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். மூப்பர் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, துருத்திக்கொண்டிருந்த பழுப்புச் செருப்பை நாற்காலிக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

அப்போதுதான் பல்லவி அத்தை வந்தார். பின்னால் பாடகர் குழு. அத்தைக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவிக்குத் திரும்புவார். திரும்பினால் இரண்டு தடவை பாடாமல் விடமாட்டார். ஆனால் துக்க வீட்டில் கூட்டம் கலைந்தபிறகு தங்கிப் பாத்திரம் துலக்குகிறவரும் அவர்தான்.

"ஸ்தோத்திரம் தம்பி. இது என்னாச்சு?"

"சர்வீஸ் அத்தை. சாயங்காலம்தான் ஓடும்."

பாடகர் குழு படிக்கட்டை அண்ணாந்து பார்த்தது. "அத்தை, அடுத்த வாரம் வரலாமா?" என்றது ஒரு குரல்.

"அடுத்த வாரம் நாம இருப்போம். அவன் இருப்பானா?" அத்தை கைப்பையைத் தோளில் ஏற்றினார். "ஆண்டவர் மலை ஏறிப் போயிருக்கார். நமக்கு மாடி ஏற வலிக்குதா? நான் முன்னால போறேன். மூச்சு இருக்கறவங்க வாங்க."

ஏற ஆரம்பித்துவிட்டார்.

லிஃப்டை நிறுத்தினால் முழங்கால்கள் நிற்கும். அன்பு நிற்காது. அதை அவன் யோசிக்கவில்லை. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, முதல் மாடித் திருப்பத்தில் அத்தையை முந்தினான். அவருக்கு முன்னால் படியில் உட்கார்ந்துவிட்டான். பாடகர் குழு கீழேயே நின்றுவிட்டது.

"எழுந்திரு."

"போகாதீங்க அத்தை."

"என்னடா இது? ஜெபிக்கப் போறவளை மறிக்கறே? உனக்கு விசுவாசம் போயிடுச்சுன்னு அவங்கவங்க பேசிக்கறாங்க. நான்தான் சண்டை போட்டுக்கிட்டிருக்கேன், அவன் அப்படி இல்லேன்னு."

"அண்ணன் வலி மருந்து போட்டுக்காமக் காத்துக்கிட்டிருக்கார். அக்காகிட்டப் பேச. சாயங்காலம் நர்ஸ் வந்து மருந்து ஏத்திட்டா பேச்சு போயிடும்."

அத்தை கைப்பையை மறு தோளுக்கு மாற்றினார். "பேசட்டுமே. நாங்க என்ன அவன் வாயையா பொத்தப் போறோம்? ஒரு ஓரமா நின்னு ரெண்டு பாட்டு."

"நீங்க வந்தா அக்கா டீ போடப் போயிடுவாங்க."

"எனக்கு டீ வேணாம்னு சொல்லிடறேன்."

"சொன்னாலும் போடுவாங்க."

அத்தைக்குக் கோபம் வந்தது. "ஏன்டா, உன் வீட்டுக்கு ஒரு நாள் வராம இருந்திருப்பேனா? அவ காலை அமுக்கிவிட்டது யாரு? வாந்தியை அள்ளினது யாரு? அப்பல்லாம் நான் பாரமா இருந்தேனா?"

"இல்ல அத்தை. நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்னே தெரியாது."

"அப்புறம்?"

அவன் கையிலிருந்த துணியை மடித்தான். பிரித்தான். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி யாரை நோகடிப்பது?

"அவ போனப்ப நான் எங்க இருந்தேன் அத்தை?"

"எங்க இருந்தே, பக்கத்துலதான்..." அத்தை நிறுத்தினார். அந்த அறையை நினைத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. தலைமாட்டில் யார், கால்மாட்டில் யார். ஒவ்வொரு முகமாகத் தேடினார். அவன் முகம் கிடைக்கவில்லை.

"டீ போட்டுக்கிட்டிருந்தேன்," என்றான்.

யாருக்கு என்று அத்தை கேட்கவில்லை.

"அவ கையைத் தூக்கினாளே," என்றார். குரல் இறங்கியிருந்தது. "நான்தான் தண்ணி கொடுத்தேன். அவ குடிக்கலை. வாயை மூடிக்கிட்டா."

"என்னைக் கூப்பிட்டிருக்கா. எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது."

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு அவனுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். அழப் போகிறார் என்று நினைத்தான். அழவில்லை. எண்ணெய்ப் பிசுக்கான அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நல்ல சேலை. கறைபடும் என்று கையை இழுக்கப் பார்த்தான். விடவில்லை.

"நான் கண்ணை மூடிக்கிட்டுப் பாடினேன்டா," என்றார். "திறந்து பார்த்திருக்கணும்."

பாட்டு நன்றாகத்தான் இருந்தது என்று சொல்ல நினைத்தான். அதுவும் உண்மைதான். சொல்லவில்லை.

அத்தை எழுந்து கீழே இறங்கினார். பாடகர் குழுவைப் பார்த்து, "எல்லாரும் வீட்டுக்குப் போங்க," என்றார்.

"ஏன் அத்தை?"

"லிஃப்ட் ரிப்பேர்."

"ரிப்பேர் இல்ல அத்தை, சர்வீஸ்," என்றான் அவன் பின்னாலிருந்து.

"சும்மா இருடா. போங்கன்னா போங்க. அவங்கவங்க வீட்டுலேர்ந்து ஜெபம் பண்ணுங்க. அங்கேயிருந்தும் கேக்கும் ஆண்டவருக்கு."

மூப்பருக்குப் பொறுக்கவில்லை. "நோயாளியைப் போய்ப் பார்க்காம இருக்கறது எந்த ஊர் நியாயம்? நாம போகாட்டி அவங்களுக்கு யாரு ஆறுதல்?"

அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "ஒரு வீட்டுல சின்னப் பொண்ணு செத்துக் கிடந்தப்ப ஆண்டவர் முதல்ல என்ன பண்ணினார் ஐயா? அழுத கூட்டத்தையெல்லாம் வெளியே அனுப்பிட்டு, அம்மா அப்பாவைக் கூட்டிக்கிட்டு உள்ளே போனார். நீங்கதானே போன மாசம் வேதத்துலேர்ந்து வாசிச்சீங்க?"

"வாசிச்சேன்."

"அப்ப உக்காருங்க. காலை மட்டும் வெளியே நீட்டாதீங்க. ஜோடி சேரலை."

மூப்பர் உட்கார்ந்தார்.

பிறகு அத்தை ஒரு நாற்காலியைப் படிக்கட்டின் அடியிலேயே இழுத்துப்போட்டு அமர்ந்தார். மதியம் முழுக்க ஆட்கள் வந்தார்கள். இரண்டு பேராக, குடும்பமாக, பழக்கூடையோடு. அத்தையிடம் வாதாடி யாரும் ஜெயித்ததில்லை. பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்பினார். "அப்படி என்ன வேலை நடக்குது?" என்று கேட்டவர்களுக்கு, மண்டியிட்டிருந்த அவன் முதுகைக் காட்டினார். தடம் முழுக்கச் சுத்தமாகிவிட்டது. அவன் மறுபடி முதலிலிருந்து துடைத்தான்.

வெயில் சாய்ந்தபோது நர்ஸ் வந்தார். தோளில் மருந்துப் பை.

"லிஃப்ட் ஓடாதா?"

"ஒரு நிமிஷத்துல போட்டுடுவேன் சிஸ்டர். முதல்ல மேலே போய்க் கேட்டுட்டு வந்துடறேன்."

ஏறினான். ஐந்தாம் மாடியில் கதவு சாத்தியிருந்தது. அழைப்பு மணிக்குப் போன கை பாதியில் நின்றது. உள்ளே அக்காவின் குரல். அண்ணனை விடாமல் திட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சிரிப்பு. வேன் அண்ணனுடையது. சிரிப்பு இருமலாகி, இருமல் முனகலாகி அடங்கியது. பிறகு அக்காவின் குரல், இப்போது தணிந்து. வார்த்தைகள் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நான்கு படி இறங்கி உட்கார்ந்தான்.

நர்ஸ் பொறுமை இல்லாமல் ஏறியே வந்துவிட்டார். மூச்சு வாங்க, "முடிஞ்சுதா?" என்றார்.

"சண்டை போடறாங்க."

"அப்ப நல்லதுதான்." பையை மடியில் வைத்துக்கொண்டு அவரும் படியில் உட்கார்ந்தார்.

வெளிச்சம் குறைந்து மாடிப்படி விளக்குகள் எரிந்தபோது கதவு திறந்தது. அக்கா நின்றிருந்தார். முகம் வீங்கியிருந்தது. முடி கலைந்திருந்தது. மதியம் அடுப்பு முன்னால் பார்த்த முகம் இல்லை அது.

"வாங்க சிஸ்டர். போட்டுடுங்க. இனிமே அவரால தாங்க முடியாது." பிறகு அவனைப் பார்த்து, "பேசிட்டோம் தம்பி," என்றார்.

நர்ஸ் உள்ளே போனார். படுக்கையைச் சரிசெய்யும்வரை வெளியே நிற்கச் சொன்னார் போலிருக்கிறது. அக்கா நடையில் அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"காலையிலேர்ந்து உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்த மனுஷன், கதவைச் சாத்தினதும் முதல்ல என்ன சொன்னார் தெரியுமா? வேன் பிரேக்கு சரியில்லையாம். எந்த மெக்கானிக்கிட்டப் போகணும், எவன் ஏமாத்துவான், எல்லாம் பாடம் எடுத்தார். இதுக்கா மருந்து வேணாம்னு துடிச்சீங்கன்னு வாங்கு வாங்குன்னு வாங்கினேன். சிரிக்கறார். அப்புறம்தான்..."

நிறுத்திக்கொண்டார். மீதியைச் சொல்லவில்லை. அது அவருடையது.

"உங்க வீட்டுல அவங்க ஏதாவது சொன்னாங்களா தம்பி? கடைசியா?"

"சொல்ல வந்தா அக்கா. நான் பக்கத்துல இல்ல."

இந்த இடத்தில் எல்லோரும் ஒரு வேத வசனம் சொல்வார்கள். அக்கா, "ஐயோ," என்று மட்டும் சொன்னார். அவனோடு சேர்ந்து சுவரில் சாய்ந்து நின்றார். உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டதும் போனார்.

அவன் இறங்கினான். அவள் சொல்ல வந்தது ஏதோ பெரிய விஷயம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். அதைத் தெரிந்துகொள்ளாமல் இனி வாழ்க்கையில்லை என்பதுபோல. ஒருவேளை அவளும் முதலில், மாடியில் துணி காயுது என்றுதான் சொல்லியிருப்பாளோ. சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கே என்று. பாலைப் பாரு என்று. அவளுக்கு அதுதான் வழக்கம். பெரிய விஷயத்துக்கு முன்னால் சின்ன விஷயம் நாலு சொல்வாள்.

பாலைப் பாரு. அது அவள் குரலிலேயே கேட்டது. நோயாளிக் குரல் இல்லை. சாதாரணமாக, அடுத்த அறையிலிருந்து கூப்பிடும் குரல்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. உட்கார்ந்தான். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டான். அது எண்ணெய்த் துணி என்பதுகூடத் தெரியவில்லை. எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது. அது தன் தொண்டையிலிருந்துதான் வருகிறது என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்தபிறகும் நிறுத்த முடியவில்லை.

கீழே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அத்தை எழுந்துவிட்டார். படியில் காலடி கேட்டது. ஒன்று, இரண்டு. பிறகு நின்றது.

"யாரது மேலே அழறது? போய்ப் பார்க்கலாமா?" என்றது மூப்பரின் குரல்.

"வேணாம்," என்றார் அத்தை. "யாரும் போகாதீங்க."